வேன் சமையல்: கோளாறு பாத்திரத்திலா, அடுப்பிலா?

எங்கள் வேன் ஒரு பழைய டிராவலர். சீட்டுகளைக் கழற்றிவிட்டுப் பின்னால் ஒரு கட்டில், இடது பக்கம் ஒரு சமையல் மேடை. மேடைக்குக் கீழே இருக்கும் அலமாரி 45 செ.மீ அகலம், 35 ஆழம், 28 உயரம். நாலு பேருக்கு ஐந்தாறு நாள் சமைக்கத் தேவையான அத்தனை பாத்திரமும் அதற்குள் அடங்கியாக வேண்டும். கோவையிலிருந்து கிளம்பி ஊட்டி, வால்பாறை, தனுஷ்கோடி என்று சுற்றியதில் இரண்டு வருடத்தில் மூன்று செட் பாத்திரம் மாற்றினேன். பாதிச் செலவு வீண். கோளாறு பாத்திரத்திலா, அடுப்பிலா, ஊரின் உயரத்திலா என்று பார்க்காமலே கடைக்கு ஓடியதன் பலன்.

அதனால் எதை வாங்கலாம் என்று தொடங்காமல், என்ன தொல்லை வருகிறது என்று தொடங்குகிறேன். உங்களுக்கு நடப்பது எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அதைப் படித்தால் போதும். கண் எரிச்சல், தலைவலி என்று இருக்கும் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

அலமாரிக் கதவு மூடவில்லை

எல்லாப் பாத்திரத்தையும் வெளியே எடுத்துத் தரையில் பரப்புங்கள். கைப்பிடிகளை மட்டும் அளந்து பாருங்கள். என் முதல் செட்டில் 18 செ.மீ வாய் உள்ள சாஸ்பேனுக்கு 17 செ.மீ நீளத்தில் கைப்பிடி. பாத்திரம் அடைக்கிற இடத்தைக் கிட்டத்தட்ட கைப்பிடியும் அடைக்கிறது. போதாக்குறைக்கு, ஒன்றுக்குள் ஒன்றை இறக்கவும் அது விடாது. சின்ன அடுப்பில் இரண்டு பாத்திரம் வைத்தால் பிடிகள் முட்டிக்கொள்ளும். நடைபாதையில் போகிறவர் இடுப்பில் இடித்துக் குழம்பு கவிழும்.

கழற்றி மாட்டும் பிடி உள்ள செட்டுகள் கிடைக்கின்றன. நானும் ஒன்று வாங்கினேன். பிடியின் கிளிப் ஆறு மாதத்தில் தளர்ந்து, சாம்பாரோடு பாத்திரம் சாய ஆரம்பித்தது. அம்மா பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏன் கண்ணு, இத்தனை பிடி எதுக்கு? ஒரு இடுக்கி இருந்தா ஆகாதா?”

ஆகும். நம் வீடுகளில் கல்யாணச் சீரில் வருகிற எவர்சில்வர் அடுக்கு இருக்கிறதே, அதைவிட இடம் மிச்சம் பிடிக்கும் பாத்திரத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. பிடி கிடையாது, காது கிடையாது. ஐந்து போசிகள் ஒன்றுக்குள் ஒன்று இறங்கிவிடும். பரணில் தூங்கிக்கொண்டிருந்த அடுக்கிலிருந்து 20, 18, 16 செ.மீ போசிகள் மூன்றை எடுத்தோம். மூன்றும் சேர்ந்து அலமாரியில் அடைப்பது பெரிய போசி ஒன்றின் இடம். மூடிக்குக் குமிழ் வைத்த மூடி வேண்டாம்; குமிழ் 3 செ.மீ உயரத்தைத் தின்றுவிடும். விளிம்பு வைத்த சாப்பாட்டுத் தட்டையே மூடியாகப் போடுகிறோம்.

கடையில் புதிதாக அடுக்கு வாங்குவதாக இருந்தால் அங்கேயே ஒன்றுக்குள் ஒன்றை இறக்கித் திருப்பிப் பாருங்கள். விளிம்பு மடித்த பாத்திரம் சிலது உள்ளே போய் இறுகிக்கொள்ளும். வேன் குலுங்கினால் இன்னும் இறுகும்; அப்புறம் வெந்நீர் ஊற்றித்தான் பிரிக்க வேண்டும். பாத்திரங்களுக்கு நடுவே ஒரு துணி போகிற இடைவெளி இருந்தால் சரி.

குக்கர் அடுக்குக்குள் அடங்காது. ஆனால் அதன் வயிறு காலியாகத்தானே இருக்கிறது? டபரா, டம்ளர், கரண்டி, தாளிக்கும் கரண்டி எல்லாம் அதற்குள் போகும். நாலு பேருக்கு 3 லிட்டர் போதும், இரண்டு பேர் என்றால் 2 லிட்டர். ஐந்து லிட்டர் எடுத்துப் போகிறவர்கள் வழியில் விருந்தாளியை எதிர்பார்க்கிறார்கள் போல.

ஓடும்போது கடகடவென்று சத்தம்

சத்தத்தோடு நிற்காது, நான்ஸ்டிக் பூச்சைக் குலுக்கலே சுரண்டிவிடும். வால்பாறைச் சாலையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஏறி இறங்கி வந்த பிறகு திறந்து பார்த்தால், தோசைத் தவாவின் நடுவில் மேல் பாத்திரத்தின் அடிவிளிம்பு வட்டமாகக் கோடு போட்டிருந்தது. கரண்டி பட்ட தடம் இல்லை, குலுங்கிக் குலுங்கி விழுந்த தடம்.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நடுவே பழைய பருத்தித் துணி, கிழிந்த வேட்டி, எதுவானாலும் போடுங்கள். அதையே பிறகு கைத்துணியாக்கிக்கொள்ளலாம். அப்படியும் சத்தம் வந்தால் பாத்திரத்தை விட்டுவிட்டு அலமாரியைப் பாருங்கள்: அடுக்கு மொத்தமாக நகர்ந்து பக்கச் சுவரில் மோதும். பக்கத்தில் அரிசிப் பையையோ பருப்புப் பையையோ செருகினால் அடங்கிவிடும். கனமான குக்கரும் தோசைக்கல்லும் கீழ்த்தட்டில்தான் இருக்க வேண்டும். மேலே வைத்தால் சடன் பிரேக்கில் அவை முன்சீட்டுக்கு வந்துவிடும்.

மலையில் சோறு வேகவில்லை, நடுவில் அரிசி அரிசியாக நிற்கிறது

இதற்குப் பாத்திரத்தைத் திட்டாதீர்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். தளதளவென்று கொதிக்கிறதே என்று நாம் நம்பிவிடுகிறோம். தீயைக் கூட்டினால் தண்ணீர் வற்றுமே தவிர, சூடு ஒரு டிகிரி ஏறாது. 1,500 மீட்டர் சுமாரில் இருக்கும் மூணாறில் 95 டிகிரி. லடாக்கின் லேயில் 3,500 மீட்டர், அங்கே 88 டிகிரிதான். கீழே இருபது நிமிடத்தில் வேகும் அரிசி மேலே அரை மணி தாண்டியும் கடிபடும். பருப்பும் கொண்டைக்கடலையும் வேகவே வேகாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் முதல் ஊட்டிப் பயணத்தில் குக்கர் எடுத்துப் போகவில்லை. இடம் மிச்சம் என்று அலுமினியப் பாத்திரம் இரண்டு மட்டும். ராத்திரி எட்டு மணிக்கு உலை வைத்தேன். ஒன்பதேகாலுக்குக் கேஸ் கேன் காலி. பிள்ளைகள் ரொட்டியும் ஊறுகாயும் தின்றுவிட்டுத் தூங்கினார்கள். பாதி வெந்த சோற்றை மறுநாள் காலையில் கஞ்சியாக்கினோம்.

மலைக்குப் போவதாக இருந்தால் பிரஷர் குக்கரை எடுத்து வைத்துவிட்டு மிச்ச இடத்துக்கு மற்றதைத் தேடுங்கள். சாதாரண குக்கர் வெயிட் வெளிக்காற்றைவிடச் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு கூடுதல் அழுத்தம் பிடிக்கும். கடற்கரை ஊரில் அது 121 டிகிரி. ஊட்டியில் வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு என்பதால் உள்ளே 116, 117 டிகிரியில் நிற்கும். சோற்றுக்கு அது தாராளம். வீட்டில் மூன்று விசில் வைப்பவர்கள் நாலு வைத்தால் சரியாக இருக்கும். அரிசியை அரை மணி ஊறப்போட்டால் கேஸும் மிச்சம்.

கேரளப் பக்கம் பிரபலமான தெர்மல் குக்கர் தரையில் நன்றாகவே வேலை செய்கிறது. பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, சூடு ஆறாத வெளிப்பாத்திரத்துக்குள் இறக்கி மூடினால், வண்டி ஓடும்போதே சோறு வெந்துவிடும். மலையில் அதை நம்ப வேண்டாம். 92 டிகிரியில் தொடங்கி ஆறிக்கொண்டே போகிற தண்ணீரில் மட்டை அரிசி என்ன வேகும்? அளவிலும் அது ஒரு குழந்தை மாதிரி மடியில் உட்காரும்.

குக்கரில் விசில் வரவில்லை, ஓரத்தில் ஆவி கசிகிறது

வீட்டில் ஒழுங்காக இருந்த குக்கர் வேனில் மட்டும் கசிந்தால், அதை எப்படி மூடி வைத்தீர்கள் என்று யோசியுங்கள். இடம் மிச்சம் என்று மூடியை இறுக்கிப் பூட்டி அலமாரியில் வைத்துவிடுகிறோம். வெயிலில் நிற்கும் வேனுக்குள் அடுப்பு மாதிரி சூடு. அந்தச் சூட்டில் நாள் கணக்கில் நசுங்கியே கிடக்கும் காஸ்கெட் (மூடியின் ரப்பர் வளையம்) தட்டையாகி, விறைத்துப்போகும். மூடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். காஸ்கெட்டைக் கழற்றித் துணியில் சுற்றிக் குக்கருக்குள்ளேயே போடுங்கள்.

வழியில் மாட்டிக்கொண்டால்: காஸ்கெட்டை எடுத்து விரலுக்கு நடுவே வளைத்துப் பாருங்கள். வளைவில் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் அதன் காலம் முடிந்தது. வெடிப்பு இல்லையென்றால் பத்து நிமிடம் குளிர்ந்த தண்ணீரில் போட்டுவிட்டு, திருப்பிப் போட்டு மாட்டுங்கள். பெரும்பாலும் அன்றைய சமையலுக்குத் தாங்கும். மாற்றுக் காஸ்கெட் ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும். நடுவழியில் உங்கள் குக்கருக்குப் பொருந்துவது கிடைக்கும் என்று நம்பாதீர்கள்.

ஓரத்தில் கசிவே இல்லை, ஆனாலும் விசில் வரவில்லை என்றால் இரண்டு காரணம். அடுப்பின் தீ போதாமல் இருக்கலாம். இது கீழே வருகிறது. அல்லது வெயிட் உட்காரும் குழாயில் சோற்றுக் கஞ்சி காய்ந்து அடைத்திருக்கும். மூடியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிக் குழாய் வழியாகப் பாருங்கள், மறுபக்கம் தெரிய வேண்டும். தெரியாத குக்கரை அடுப்பில் ஏற்றாதீர்கள். சின்னக் குக்கரில் கழுத்துவரை அரிசி போடுவதால்தான் இந்த அடைப்பு வருகிறது. தண்ணீரும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு, அரிசியோ பருப்போ என்றால் பாதி. அதற்கு மேல் போகக் கூடாது.

அடுப்பு தானாக அணைந்துவிடுகிறது

கேஸ் கேனைப் படுக்கவைத்துச் செருகும் கேசட் அடுப்புக்காரர்களுக்கு இது. கேன் தொட்டால் சுடுகிறதா? அப்படியானால் உங்கள் பாத்திரம் பெரிது. தோசைக்கல்லின் ஓரம் கேன் இருக்கும் பெட்டிக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால், கல்லின் சூடு கேனில் இறங்கும். உள்ளே அழுத்தம் ஏறினால் கேனைத் தள்ளிவிட்டுத் தீயை நிறுத்துகிற பாதுகாப்பு அமைப்பு பல அடுப்புகளில் உண்டு. உங்களைக் காப்பாற்றத்தான் அது அணைந்திருக்கிறது. திரும்பத் திரும்பச் செருகிப் பற்றவைக்காதீர்கள். அந்த அமைப்பு இல்லாத மலிவு அடுப்பில் இதே தவறு நடந்தால் கேன் வெடிக்கும்.

கல்லை அடுப்பில் வைத்து மேலிருந்து பாருங்கள். கேன் பெட்டியின் மூடி முழுதாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும். எங்கள் அடுப்பில் 24 செ.மீ வரை ஆகிறது. தோசை சின்னதாக வரும், பிள்ளைகளுக்கு எண்ணிக்கை கூடுகிற சந்தோஷம். தனுஷ்கோடிக் காற்றுக்குப் பயந்து அடுப்பைச் சுற்றித் தகரம் வைத்து மறைப்பதும் இதே ஆபத்துதான். காற்று வரும் பக்கம் வேனையே மறைப்பாக நிறுத்திக்கொள்ளுங்கள்.

தீ சிறுத்துக்கொண்டே போகிறது

கேன் சில்லென்று இருந்தால் காரணம் குளிர். கேனில் இருப்பது பெரும்பாலும் பியூட்டேன். அது மைனஸ் அரை டிகிரியில்தான் ஆவியாகும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும் விடியலில், அது கேனுக்குள் திரவமாகவே கிடக்கும். எரிய எரிய இன்னும் குளிரும். ராத்திரி கேனைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு படுங்கள். வெந்நீரில் முக்குவது, தீயருகே காட்டுவது எல்லாம் வேண்டாம்.

குளிர் ஊர்களுக்கு அடிக்கடி போகிறவர்களுக்கு 5 கிலோ சிலிண்டர் தேவலாம். அதில் புரொப்பேனும் கலந்திருப்பதால் குளிரில் இவ்வளவு சுணங்காது. முகவரிச் சான்று இல்லாமல் அடையாள அட்டை காட்டி வாங்கலாம். 220 கிராம் சுமாருள்ள கேன் முழுத் தீயில் ஒன்றரை மணி நேரம்கூட வராது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

நடுவில் தீய்கிறது, ஓரம் பச்சையாக இருக்கிறது

மலையேறுகிறவர்களுக்கான மெல்லிய அலுமினியப் பாத்திரத்தில் உப்புமா கிண்டிப் பாருங்கள், உடனே தெரியும். அது தண்ணீர் சுடவைக்கச் செய்த பாத்திரம். சின்ன பர்னரின் தீ ஒரே வட்டத்தில் படும், அந்தச் சூட்டைப் பரப்புகிற கனம் அடியில் இல்லை. நம் சமையல் தாளிப்பும் வதக்கலும் சேர்ந்தது. ஒரே ஒரு பாத்திரமாவது அடி கனத்ததாக இருக்கட்டும். நடுவில் அலுமினியம் வைத்த மூன்றடுக்கு (ட்ரைப்ளை) வாணலி, 20 செ.மீ. அதிலேயே பொரியல், குழம்பு, உப்புமா எல்லாம் ஆகும். நான்ஸ்டிக்கைக் காலியாக அடுப்பில் வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போகாதீர்கள். 260 டிகிரிக்கு மேல் அந்தப் பூச்சு சிதைந்து புகைவிடும், வேன் மாதிரி சின்ன இடத்தில் அது நெஞ்சை அடைக்கும்.

இண்டக்‌ஷன் பாத்திரத்தை ஏற்கவில்லை, அல்லது இன்வெர்ட்டர் கத்துகிறது

இரண்டும் வேறு வேறு. முதலாவதுக்கு ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றைப் பாத்திரத்தின் அடியில் வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் அது இண்டக்‌ஷனுக்கு ஆகாது. அலுமினியம் ஒட்டாது, நல்ல எவர்சில்வரும் பலது ஒட்டாது. அம்மாவின் அடுக்கு இங்கேதான் தோற்றது. காந்தம் ஒட்டியும் ஏற்கவில்லையென்றால் அடி சின்னதாக இருக்கும். பல அடுப்புகளுக்கு 12 செ.மீ அடியாவது வேண்டும். டீக்கு வைக்கிற சின்னப் போசியை அவை கண்டுகொள்ளாது.

இன்வெர்ட்டர் கத்தினால் பாத்திரத்தை மாற்றிப் பயனில்லை. 1,200 வாட்டில் இண்டக்‌ஷன் ஓடினால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 100 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் தொடலாம் என்றால் கையில் இருப்பது 600 வாட்-அவர். இருபது நிமிடச் சமையலுக்கே 400 போய்விடும். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க மட்டும் கிட்டத்தட்ட 90. கரண்ட் கிடைக்கும் முகாமில் இண்டக்‌ஷன், மற்ற நேரம் கேஸ் என்று நான் சமரசம் செய்துகொண்டேன்.

ஜன்னலில் நீர் வழிகிறது, கண் எரிகிறது, தலை வலிக்கிறது

நீர் வழிவது முதல் எச்சரிக்கை. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி வெளிவரும், குக்கர் ஆவி தனி. தலைவலி வந்தால் அதைப் பசி என்று நினைக்காமல் அடுப்பை அணைத்துவிட்டு எல்லோரும் வெளியே இறங்குங்கள். மூடிய வேனில் எரியும் அடுப்பு கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதற்கு மணம் கிடையாது. குளிருக்காக ஒருபோதும் அடுப்பை எரியவிட்டுப் படுக்காதீர்கள். சமைக்கும்போது எதிரெதிரே இரண்டு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கும். அதனால் சிலிண்டர் பெட்டியின் தரையில் வெளியே திறக்கும் துளை அவசியம்.

2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டியில் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். தடையை மீறி ஏற்றிவந்த சிலிண்டரில் விடியற்காலையில் டீ போட முயன்றபோது நடந்தது. ரயிலானாலும் வேனானாலும் நீளமான இரும்புப் பெட்டிக்கு வாசல் குறைவு. மழை இல்லாவிட்டால் நாங்கள் அடுப்பை வெளியேதான் வைக்கிறோம். காட்டுச் சாலையோரமாக மட்டும் வைத்துவிடாதீர்கள். வனத்துறை அபராதம் போடும், போடவும் வேண்டும்.

கழுவத் தண்ணீர் பத்தவில்லை

40 லிட்டர் டேங்கில் பாதி பாத்திரம் கழுவவே போனால், குக்கருக்குள் அடுக்கும் செப்பரேட்டர் வாங்குங்கள். அடியில் தண்ணீர், கீழ்த்தட்டில் பருப்பு, மேலே சோறு. குக்கர் அழுக்காவதே இல்லை, தட்டுகளிலேயே பரிமாறலாம். எண்ணெய்ப் பாத்திரத்தைச் செய்தித்தாளால் துடைத்துவிட்டு, அரிசி களைந்த தண்ணீரில் ஒரு முறை அலசினால் பாதி வேலை முடிந்தது. நல்ல தண்ணீர் கடைசி அலசலுக்கு மட்டும்.

இரும்புக் கல்லில் துரு

கடலோரம் போய்வந்தால் இரண்டே நாளில் ஆரஞ்சு நிறத்தில் படரும். கல் கெட்டுப்போகவில்லை. கரகரப்பான நாரால் தேய்த்து, அடுப்பில் வைத்து ஈரம் முழுக்கப் போகும்வரை சுடவைத்து, சூட்டோடு நல்லெண்ணெய் தடவுங்கள். பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தித் தேய்த்தால் எண்ணெய் சமமாகப் பரவும். துணியில் மட்டும் சுற்றி வைக்காதீர்கள், உப்பு ஈரத்தை அது பிடித்துவைத்துக்கொள்ளும். இரண்டு தாள் செய்தித்தாளில் மடித்து, குக்கருக்கும் அலமாரிச் சுவருக்கும் நடுவே நிறுத்தி வைக்கிறோம்.